நீதிமன்றத்தின் சுதந்திரத்தைக் காக்கும் வழக்கறிஞர்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நீதிமன்றம் யாருக்கும் கட்டுப்படாமல் இயங்க வேண்டும் என்பதை யாரும் மறுப்பதில்லை. அதை யார் காக்கிறார்கள், எப்படிக் காக்கிறார்கள் என்று கேட்டால்தான் பதில் மழுப்பலாகிவிடுகிறது. சட்டம் படிக்காதவர்கள் இந்த விஷயத்தில் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளை இங்கே எடுத்துக்கொண்டிருக்கிறோம். நாட்டுக்கு நாடு சட்டம் மாறும். ஆனால் அடக்குகிறவர்கள் பிடிக்கும் வழிகள் வியப்பூட்டும் அளவுக்கு ஒரே மாதிரி இருக்கின்றன.

நீதித்துறை சுதந்திரம் என்றால் நீதிபதி இஷ்டத்துக்குத் தீர்ப்பு எழுதலாம் என்று அர்த்தமா?

இல்லை. சாட்சியத்தையும் சட்டத்தையும் மட்டும் பார்த்து, யாருக்கும் பயப்படாமல், எதற்கும் ஆசைப்படாமல் தீர்ப்பு எழுத முடிகிற நிலைக்குத்தான் அந்தப் பெயர். இதை நீதிபதிக்குக் கொடுத்த சலுகை என்று பலர் நினைக்கிறார்கள். உரிமை வழக்காடுபவருடையது. 1966-ல் ஐ.நா. ஏற்றுக்கொண்ட குடிமை, அரசியல் உரிமைகள் உடன்படிக்கையின் 14-வது பிரிவைப் பாருங்கள்: தகுதியும் சுதந்திரமும் நடுநிலையும் உள்ள நீதிமன்றத்தின் முன் விசாரிக்கப்படும் உரிமை ஒவ்வொருவருக்கும் உண்டு என்கிறது. கூண்டில் நிற்பவரை மனதில் வைத்து எழுதிய பிரிவு அது.

இங்கிலாந்தில் ஒரு காலத்தில் மன்னருக்குப் பிடிக்கிற வரைதான் நீதிபதிக்கு வேலை. தலைமை நீதிபதி எட்வர்ட் கோக் முதலாம் ஜேம்ஸ் மன்னரோடு மல்லுக்கு நின்று 1616-ல் பதவியை இழந்தார். 1701-ல் வந்த சட்டம்தான், ஒழுங்காக நடந்துகொள்ளும் வரை நீதிபதியை நீக்கக் கூடாது, நீக்குவதென்றால் நாடாளுமன்றத்தின் இரு அவைகளும் கேட்க வேண்டும், சம்பளம் நிலையாக இருக்க வேண்டும் என்று வைத்தது. பதவிக்காலம், சம்பளம் என்ற அந்த இரண்டையும் சுற்றித்தான் இன்றைக்கும் பாதிச் சண்டை நடக்கிறது.

அரசாங்கம் நீதிமன்றத்தை எப்படிப் பணிய வைக்கிறது? ஃபோன் போட்டுச் சொல்வார்களா?

சோவியத் காலத்தில் அப்படி நடந்தது. கட்சி அலுவலகத்திலிருந்து ஃபோன் வரும், தீர்ப்பும் அதன்படி வரும். இதற்குத் 'தொலைபேசி நீதி' என்றே பெயர். இப்போது அந்த அளவுக்குப் பச்சையாகச் செய்ய வேண்டியதில்லை. நிர்வாக உத்தரவுகளே போதும்.

ஓய்வு வயதை எடுத்துக்கொள்ளுங்கள். ஹங்கேரி 2012-ல் நீதிபதிகளின் ஓய்வு வயதை 70-லிருந்து 62-க்கு இறக்கியது. மூத்த நீதிபதிகள் கொத்தாக வெளியே போனார்கள். அந்த ஆண்டு நவம்பரில் ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் அது தவறு என்று சொன்னபோது பல நாற்காலிகளில் வேறு ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். 2018-ல் போலந்து உச்ச நீதிமன்றத்துக்கு இதே வைத்தியம்: 70-லிருந்து 65. தொடர வேண்டுமென்றால் அதிபரிடம் அனுமதி கேட்கலாம் என்று ஒரு வாசலையும் திறந்து வைத்தார்கள். அந்த வாசலில்தான் விஷமே இருக்கிறது. அடுத்த வருடம் வேலை இருக்குமா என்பதை யார் முடிவு செய்கிறாரோ அவருக்கு எதிராக இந்த வருடம் தீர்ப்பு எழுதச் சொன்னால் கை கொஞ்சமாவது நடுங்காதா? 2019 ஜூன் 24 அன்று ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் இதுவும் செல்லாது என்றது.

மூப்பு வரிசையைத் தாண்டி நியமிப்பது இன்னொரு வழி. இந்தியாவில் 1973-ல் மூன்று மூத்த நீதிபதிகளைத் தாண்டி ஏ.என். ரே தலைமை நீதிபதியாக்கப்பட்டார். 1977-ல் எச்.ஆர். கன்னா தாண்டப்பட்டார், அவர் கதை கீழே வருகிறது. நேரடியாகப் பதவி நீக்கம் செய்ததும் உண்டு. மலேசியாவில் 1988-ல் நீதித்துறையின் தலைவர் சலே அபாஸ் நீக்கப்பட்டார். அவருக்கு ஆதரவாக இடைக்கால உத்தரவு போட்ட ஐந்து நீதிபதிகளும் இடைநீக்கம் செய்யப்பட்டு, அதில் இருவருக்குத் திரும்பி வர வழியே இல்லாமல் போனது. துருக்கியில் 2016 ஜூலையில் ராணுவப் புரட்சி முயற்சி தோற்ற மறுநாளே 2700-க்கும் மேற்பட்ட நீதிபதிகளும் அரசு வழக்கறிஞர்களும் பணியிலிருந்து விலக்கப்பட்டார்கள். அத்தனை பெயர்களை ஒரே இரவில் யோசித்து எழுதியிருக்க முடியாது என்பது என் கணிப்பு.

இவை செய்தியில் வருபவை. வராதவைதான் அதிகம். தொலைதூர ஊருக்கு மாற்றல், முக்கியமான வழக்கு எந்த பெஞ்சுக்குப் போகிறது என்பதில் கைவைப்பது, காலியிடத்தை நிரப்பாமல் ஆண்டுக்கணக்கில் இழுப்பது, ஸ்டெனோவும் தட்டச்சரும் கொடுக்காமல் பட்டினி போடுவது. எங்கேயாவது எழுத்தில் பிடிக்க முடியுமா? முடியாது. இடமாற்ற உத்தரவில் 'நிர்வாகக் காரணங்களுக்காக' என்று மட்டும் இருக்கும்.

அது நீதிபதிகளின் பிரச்சினை. வக்கீல்கள் ஏன் தலையிட வேண்டும்?

ஏனென்றால் நீதிபதியால் வாய் திறந்து பேச முடியாது. தனக்கு அநியாயம் நடந்தது என்று அவர் பத்திரிகையாளர்களைக் கூட்டிப் பேசினால், நாளை அரசு சம்பந்தப்பட்ட வழக்கில் அவர் நடுநிலையாக இருப்பாரா என்ற கேள்வி வந்துவிடும். இதனால் அந்தச் சண்டை வழக்கறிஞர் சங்கங்களின் தலையில் விழுகிறது.

நல்ல உதாரணம் மலேசியா. நீதிபதி நியமனங்களில் பேரம் நடந்ததைக் காட்டுவதாகச் சொல்லப்பட்ட வீடியோ ஒன்று 2007-ல் வெளியானது. செப்டம்பர் 26 அன்று, சங்கத் தலைவர் அம்பிகா சீனிவாசன் தலைமையில், சுமார் 2000 வழக்கறிஞர்கள் கருப்பு கோட்டோடு புத்ராஜெயா நீதி மாளிகையிலிருந்து பிரதமர் அலுவலகம் வரை நடந்தார்கள். வந்த பேருந்துகளைப் போலீஸ் வழியில் நிறுத்தியபோது இறங்கி நடந்தே வந்தவர்களும் உண்டு. கையில் இருந்தது மனு மட்டும்தான். அரச விசாரணை ஆணையம் வேண்டும், நீதிபதிகளை நியமிக்கத் தனி ஆணையம் வேண்டும் என்பது கோரிக்கை. முதலாவது சில மாதங்களிலேயே அமைந்தது. இரண்டாவதுக்கு 2009-ல் சட்டம் வந்தது. அந்த ஆணையம் எவ்வளவு நன்றாக வேலை செய்கிறது என்பதில் இன்றும் விவாதம் இருக்கிறது, அது வேறு.

ஆப்பிரிக்க நாடான மலாவியில் நடந்தது இன்னும் நெருக்கமாகப் பார்க்க வேண்டிய ஒன்று. 2019 அதிபர் தேர்தல் முடிவுத் தாள்களில் எண்களை வெள்ளை மை தடவி அழித்து மாற்றி எழுதியிருந்தார்கள். வழக்கை விசாரித்த ஐந்து நீதிபதிகள் 2020 பிப்ரவரி 3 அன்று ராணுவப் பாதுகாப்பில், குண்டு துளைக்காத கவசம் அணிந்து நீதிமன்றம் வந்து, தேர்தல் செல்லாது என்று தீர்ப்பளித்தார்கள். மறுதேர்தலுக்குச் சில நாட்களே இருந்தபோது, தலைமை நீதிபதி ஆண்ட்ரூ நிரெண்டா ஓய்வுக்கு முந்தைய விடுப்பில் உடனே போக வேண்டும் என்று அரசு அறிவித்தது. ஓய்வுக்கு இன்னும் காலம் இருந்தது. சேர்ந்து போன விடுப்பு நாட்களை எடுத்துக்கொள்ளச் சொல்வது போன்ற சாதாரண அலுவலகக் கடிதம்! வழக்கறிஞர்களும் நீதிபதிகளுமே அங்கியோடு தெருவில் இறங்கினார்கள். உயர் நீதிமன்றம் அந்த அறிவிப்பைத் தடுத்தது. மறுதேர்தல் நடந்தது, எதிர்க்கட்சி வென்றது.

பாகிஸ்தானில் வக்கீல்கள் ராணுவ ஆட்சியாளரையே அசைத்தார்களாமே?

ஆமாம். 2007 மார்ச் 9 அன்று தளபதி முஷாரஃப் தலைமை நீதிபதி இஃப்திகார் சௌத்ரியைக் கூப்பிட்டு ராஜினாமா செய்யச் சொன்னார். அவர் மறுத்தார். மறுத்தவரை இடைநீக்கம் செய்ததும் நாடு முழுக்க வழக்கறிஞர்கள் தெருவுக்கு வந்தார்கள். ஜூலையில் உச்ச நீதிமன்றமே அவரைத் திரும்ப உட்கார வைத்தது. நவம்பரில் நெருக்கடி நிலை, மறுபடி நீக்கம், தடியடி, கைது. கடைசியில் 2009 மார்ச்சில்தான் அவர் திரும்ப வந்தார்.

ஆனால் இதைத் தேவதைக் கதையாகச் சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. 2011 ஜனவரியில் பஞ்சாப் ஆளுநர் சல்மான் தஸீரைக் கொன்றவரை நீதிமன்றத்துக்குக் கொண்டுவந்தபோது ரோஜா இதழ் தூவி வரவேற்றவர்களிலும் கருப்பு கோட் அணிந்தவர்கள் இருந்தார்கள். கூட்டமாகத் தெருவில் இறங்கப் பழகிய ஒரு தொழில், எதற்காக இறங்குகிறோம் என்பதை ஒவ்வொரு முறையும் கேட்டுக்கொள்ளத்தான் வேண்டும்.

அப்படியானால் நீதிமன்றப் புறக்கணிப்பு சரியா?

என் கருத்தில், பெரும்பாலும் சரியில்லை. அன்றைக்கு ஜாமீன் மனு வர வேண்டிய ஒருவர் இன்னும் ஒரு வாரம் உள்ளே கிடப்பார். இந்திய உச்ச நீதிமன்றம் 2002-ல் ஹரிஷ் உப்பல் வழக்கில், வழக்கறிஞர்களுக்கு வேலைநிறுத்தம் செய்யும் உரிமை இல்லை என்றே சொல்லிவிட்டது. நீதிமன்றத்தின் மானமே பணயத்தில் இருக்கும் மிக அரிதான நேரத்துக்கு மட்டும் ஒரு சிறு விலக்கை விட்டு வைத்தது.

தீவிரவாதிக்கு வாதாடுகிறவரை எப்படி மனித உரிமை வழக்கறிஞர் என்று ஏற்றுக்கொள்வது?

அதிகம் வரும் கேள்வி இது. 1990-ல் ஹவானாவில் ஐ.நா. மாநாடு ஏற்றுக்கொண்ட வழக்கறிஞர் பணிக்கான அடிப்படைக் கோட்பாடுகளில் 18-வது, வழக்கறிஞரை அவருடைய கட்சிக்காரரோடோ (அதாவது அவர் யாருக்காக வாதாடுகிறாரோ அவரோடோ) கட்சிக்காரரின் கொள்கையோடோ சேர்த்துப் பார்க்கக் கூடாது என்கிறது. கேட்க சாதாரணமாக இருக்கும். இதை மீறினால் என்ன ஆகும் என்பதற்கு வட அயர்லாந்தின் பெல்ஃபாஸ்ட் நகரைப் பார்க்கலாம்.

1989 ஜனவரி 17 அன்று பிரிட்டன் நாடாளுமன்றத்தில் ஓர் இளநிலை அமைச்சர், வட அயர்லாந்தில் சில வழக்கறிஞர்கள், பிரிட்டன் ஆட்சியை எதிர்த்து ஆயுதம் ஏந்திய ஐ.ஆர்.ஏ. அமைப்பின் மேல் அளவுக்கு மீறிய அனுதாபத்தோடு இருக்கிறார்கள் என்று பேசினார். பெயர் சொல்லவில்லை. நான்கு வாரம்கூட ஆகவில்லை. பிப்ரவரி 12, ஞாயிற்றுக்கிழமை. வழக்கறிஞர் பாட் ஃபினுகேன் மனைவியோடும் மூன்று பிள்ளைகளோடும் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கதவை உடைத்து உள்ளே வந்தவர்கள் அவரை 14 முறை சுட்டார்கள். பாதுகாப்புப் படையினருக்கும் கொலையாளிகளுக்கும் இடையே அதிர்ச்சி தரும் அளவுக்குக் கூட்டு இருந்ததைப் பிரதமர் டேவிட் கேமரன் 2012-ல் நாடாளுமன்றத்தில் ஒப்புக்கொண்டார். பொது விசாரணை நடத்தப்படும் என்ற அறிவிப்பு 2024 செப்டம்பரில்தான் வந்தது. 35 ஆண்டு.

ஃபினுகேன் ஐ.ஆர்.ஏ. ஆட்களுக்காக வாதாடியிருக்கிறார்; பிரிட்டன் ஆட்சியை ஆதரித்த எதிர் முகாமைச் சேர்ந்தவர்களுக்காகவும் வாதாடியிருக்கிறார். அந்த இரண்டாவது தகவல் யாருக்கும் தேவைப்படவில்லை. அதே வட அயர்லாந்தில் ரோஸ்மேரி நெல்சன் என்ற வழக்கறிஞர் தனக்கு வரும் மிரட்டல்களைப் பற்றி 1998-ல் அமெரிக்க நாடாளுமன்றக் குழு முன்பே சொல்லியிருந்தார். 1999 மார்ச்சில் கார் குண்டில் கொல்லப்பட்டார்.

கொலைகாரனுக்கு மருத்துவம் பார்க்கும் டாக்டரைக் கொலைக்கு உடந்தை என்று யாரும் சொல்வதில்லை. வக்கீலை மட்டும் சொல்கிறோம்.

மனித உரிமை வழக்கறிஞர்களின் அன்றாட வேலைதான் என்ன?

பேரணியை விட்டுவிடுங்கள், அது வருடத்தில் ஒரு நாள். வேலை நடப்பது காவல் நிலையத்திலும் ரிமாண்ட் கோர்ட்டிலும்.

ஒரு கைது என்று வையுங்கள். குடும்பத்திலிருந்து இரவில் ஃபோன் வருகிறது. அனுபவப்பட்ட வழக்கறிஞர் முதலில் கேட்பது 'என்ன குற்றம்' என்பதை அல்ல; எத்தனை மணிக்குக் கூட்டிப் போனார்கள், யார் பார்த்தார்கள், எந்த வண்டி என்பதைத்தான். பின்னால் ஆவணத்தில் கைது நேரம் மறுநாள் காலை என்று எழுதப்பட்டிருக்கலாம். இடையில் விடுபட்ட மணி நேரங்களில்தான் அடி விழுகிறது, வாக்குமூலம் 'கிடைக்கிறது'. கைதானவரை ரிமாண்டுக்குக் கொண்டுவரும்போது வழக்கறிஞர்கள் அவர் நடையைப் பார்ப்பார்கள். உட்காரும்போது முகம் சுளிக்கிறாரா, மணிக்கட்டில் தழும்பு இருக்கிறதா, போட்டிருக்கும் சட்டை அவருடையதுதானா? பார்த்ததை அப்போதே நீதிபதியிடம் வாய்விட்டுச் சொல்லி, பதிவு செய்யக் கேட்டு, மருத்துவப் பரிசோதனைக்கு மனு கொடுப்பார்கள். ஒரு வாரம் கழித்துச் சொன்னால் காயம் ஆறியிருக்கும்.

ஹவானா கோட்பாடுகள் இதற்குச் சில அளவுகோல்களைத் தருகின்றன. கைதான 48 மணி நேரத்துக்குள் வழக்கறிஞரைப் பார்க்க விட வேண்டும். சந்திக்கும்போது காவலர் பார்க்கிற தூரத்தில் நிற்கலாம், கேட்கிற தூரத்தில் நிற்கக் கூடாது. நடைமுறையில் காவலர் மேசை ஓரத்திலேயே நிற்பார். "ஐயா, கொஞ்சம் தள்ளி நில்லுங்கள்" என்று ஒவ்வொரு தடவையும் சொல்வதும் இந்த வேலையில் சேர்த்தி.

ஆளே எங்கே என்று தெரியவில்லை என்றால் ஆட்கொணர்வு மனு. வைத்திருப்பவர் ஆளை நீதிபதி முன் நிறுத்தி, எந்தச் சட்டப்படி வைத்திருக்கிறாய் என்ற கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். மனு எண் போட்ட உடனேயே, விசாரணைக்கு வருவதற்குள், காணாமல் போனவர் வீட்டு வாசலில் வந்து நிற்பது நடக்கும்.

சில சமயம் ஒரு கடிதமே வழக்காகிவிடும். மேற்கு வங்கத்தில் சட்ட உதவி அமைப்பு ஒன்றின் பொறுப்பில் இருந்த டி.கே. பாசு, காவல் மரணங்கள் பற்றிய செய்திகளை இணைத்து 1986-ல் இந்தியத் தலைமை நீதிபதிக்குக் கடிதம் எழுதினார். அது மனுவாக ஏற்கப்பட்டு, 1996-ல் தீர்ப்பு வந்தது. கைது செய்பவர் பெயர்ப் பட்டை அணிய வேண்டும், கைதுக் குறிப்பில் நேரமும் சாட்சியின் கையெழுத்தும் வேண்டும், 48 மணி நேரத்துக்கு ஒரு முறை மருத்துவப் பரிசோதனை வேண்டும் என்றெல்லாம் அதில் விதித்தார்கள். காவல் மரணங்கள் நின்றுவிட்டனவா? இல்லை. ஆனால் அதற்கு முன் வழக்கறிஞரிடம் கேள்வி மட்டும்தான் இருந்தது. இப்போது காட்டுவதற்குத் தீர்ப்பு இருக்கிறது.

தோற்கப் போவது தெரிந்தும் ஏன் வழக்குப் போடுகிறார்கள்?

பதிவுக்காக. 1975-ல் இந்தியாவில் நெருக்கடி நிலை. விசாரணை இல்லாமல் உள்ளே போனவர்களுக்காகப் பல உயர் நீதிமன்றங்களில் ஆட்கொணர்வு மனுக்கள் போடப்பட்டு, வழக்கு உச்ச நீதிமன்றத்துக்கு வந்தது. உயிர் வாழும் உரிமைக்காகவும் இப்போது நீதிமன்றம் வர முடியாதா என்று நீதிபதி கன்னா கேட்டபோது, அரசுத் தரப்பு வர முடியாது என்றே வாதிட்டது. 1976 ஏப்ரல் 28 அன்று ஐந்தில் நான்கு பேர் அரசுக்குச் சாதகமாக எழுதினார்கள். கன்னா ஒருவர் மட்டும் மாறுபட்டார். அடுத்த ஜனவரியில் தலைமை நீதிபதிப் பதவி அவரைத் தாண்டிப் போனது, ராஜினாமா செய்தார்.

2017-ல் அந்தரங்க உரிமை வழக்கில் ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு 1976 தீர்ப்பைத் தவறு என்று தூக்கி எறிந்தது. அதை எழுதியவர் டி.ஒய். சந்திரசூட். 1976-ல் பெரும்பான்மையோடு கையெழுத்திட்ட ஒய்.வி. சந்திரசூட்டின் மகன்.

அன்று தோற்ற வழக்கறிஞர்கள் மனுவே போடாமல் இருந்திருந்தால் கன்னா மாறுபட்டு எழுத ஒரு வழக்கே இருந்திருக்காது.

வழக்கு விசாரணையைப் பார்க்க வெளிநாட்டிலிருந்து வழக்கறிஞர்கள் வருகிறார்களே, சும்மா உட்கார்ந்து என்ன பயன்?

பார்வையாளர் பேச மாட்டார், வாதாட மாட்டார். பெரும்பாலும் இரண்டாவது வரிசையில் ஒரு நோட்டோடு உட்கார்ந்திருப்பார். குறிப்பது இந்த மாதிரி: குற்றம் சாட்டப்பட்டவரின் வழக்கறிஞர் பேசத் தொடங்கி எத்தனை நிமிடத்தில் தடுக்கப்பட்டார். வழக்குக் கட்டு அவருக்கு எப்போது கிடைத்தது. மொழிபெயர்ப்பாளர் முழுதாகச் சொல்கிறாரா, சுருக்கிச் சொல்கிறாரா. குற்றம் சாட்டப்பட்டவர் கைவிலங்கோடு நிற்கிறாரா. அரசு வழக்கறிஞர் நீதிபதி அறையிலிருந்து வெளியே வந்தாரா.

யாரோ பார்க்கிறார்கள் என்றால் நீதிபதியின் குரலே மாறும் என்பார்கள் இந்த வேலையில் இருப்பவர்கள். நீதிபதிக்கும் அதில் ஒரு வசதி உண்டு. மேலிருந்து அழுத்தம் வந்தால், 'உலகமே பார்க்கிறது, என்னால் முடியாது' என்று சொல்ல ஒரு சாக்கு.

வழக்கறிஞர்களுக்கு என்ன ஆபத்து வருகிறது?

கொலை கடைசிப் படி. அதற்கு முன் நிறையப் படிகள் இருக்கின்றன: உரிமத்தைப் புதுப்பிக்க மறுப்பது, வரிச் சோதனை, அலுவலகத்தில் புகுந்து கட்சிக்காரர்களின் கோப்புகளை அள்ளிக்கொண்டு போவது, பயணத் தடை, அவதூறு வழக்கு. சீனாவில் 2015 ஜூலை 9-ல் தொடங்கிய வேட்டையில் சுமார் 300 வழக்கறிஞர்களும் செயல்பாட்டாளர்களும் பிடிக்கப்பட்டார்கள் அல்லது விசாரணைக்கு அழைக்கப்பட்டார்கள். ஈரானில் ஹிஜாபைக் கழற்றிய பெண்களுக்காக வாதாடிய நஸ்ரின் சொத்தூதேவுக்கு 2019-ல் 38 ஆண்டு சிறையும் 148 கசையடியும் என்று தீர்ப்பு வந்தது. துருக்கியில் எப்ரு திம்திக் என்ற வழக்கறிஞர் கேட்டது தனக்கு நியாயமான விசாரணை, அவ்வளவுதான். 238 நாள் உண்ணாவிரதத்துக்குப் பின் 2020 ஆகஸ்டில் இறந்தார்.

நீதிபதிகளும் தப்பவில்லை. ஆப்கானிஸ்தானில் 2021 ஆகஸ்டுக்குப் பிறகு சுமார் 250 பெண் நீதிபதிகள் ஒளிந்து வாழ வேண்டி வந்தது. அவர்கள் சிறைக்கு அனுப்பிய ஆட்களே விடுதலையாகி அவர்களைத் தேடினார்கள். பல நாடுகளின் பெண் நீதிபதிகள் சேர்ந்து நடத்தும் சங்கம் இரவு பகலாக வாட்ஸ்அப்பில் இருந்து, விமானத்தில் இடம் தேடிப் பலரை வெளியே கொண்டுவந்தது.

ஆண்டுதோறும் ஜனவரி 24 ஆபத்தில் இருக்கும் வழக்கறிஞர்களின் நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது. 1977-ல் அதே நாளில் மாட்ரிட் நகரின் அடோச்சா தெருவில் தொழிலாளர் வழக்கறிஞர்களின் அலுவலகத்தில் தீவிர வலதுசாரிகள் புகுந்து ஐந்து பேரைக் கொன்றார்கள்.

சர்வதேச அமைப்புகள் கடிதம் எழுதுகின்றன, அறிக்கை விடுகின்றன. அதனால் ஏதாவது நடக்கிறதா?

சில நேரம் நடக்கிறது. பல நேரம் இல்லை. சட்டம் கையில் இல்லாத இடத்தில் வெட்கப்பட வைப்பதுதான் அவர்களிடம் இருக்கும் ஒரே ஆயுதம்.

1952-ல் பெர்லினில் தொடங்கிய சர்வதேச சட்ட வல்லுநர்கள் ஆணையம், இப்போது ஜெனீவாவில் இருக்கிறது. சர்வதேச வழக்கறிஞர் சங்கத்தின் மனித உரிமைப் பிரிவு 1995-ல் நெல்சன் மண்டேலாவை கௌரவத் தலைவராகக் கொண்டு தொடங்கியது. ஐ.நா. 1994-ல் நீதிபதிகள், வழக்கறிஞர்களின் சுதந்திரத்துக்கென்று ஒரு சிறப்பு அறிக்கையாளரை நியமித்தது. முதலில் அந்தப் பொறுப்பில் இருந்தவர் மலேசிய வழக்கறிஞர் பரம் குமாரசுவாமி. அவர் கதை சுவாரசியமானது. தன் நாட்டு நீதிமன்றங்களைப் பற்றி ஒரு பத்திரிகைப் பேட்டியில் கருத்துச் சொன்னார். உடனே சொந்த நாட்டிலேயே அவர்மேல் கோடிக்கணக்கில் இழப்பீடு கேட்டு அவதூறு வழக்குகள். விஷயம் ஹேக் நகரில் உள்ள சர்வதேச நீதிமன்றம் வரை போனது. 1999 ஏப்ரலில் 14-க்கு 1 என்ற கணக்கில், ஐ.நா. பணியாகப் பேசியதற்கு அவருக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு என்று கருத்துச் சொன்னார்கள். நீதிபதிகளின் சுதந்திரத்தைக் காக்கப் போனவரைக் காக்கவே உலக நீதிமன்றம் தேவைப்பட்டது.

கோட்பாடுகள் எல்லாம் அறிவுரைதானே, கட்டுப்படுத்துமா என்று கேட்பீர்கள். ஹவானா கோட்பாடுகள் கட்டுப்படுத்தாது. ஐரோப்பிய கவுன்சில் 2025-ல் வழக்கறிஞர் தொழிலைப் பாதுகாக்கத் தனி உடன்படிக்கை ஒன்றைக் கையெழுத்துக்குத் திறந்திருக்கிறது; ஏற்று உறுதி செய்யும் நாடுகளை அது சட்டப்படி கட்டுப்படுத்தும்.

நீதிபதியே தவறு செய்தால்? சுதந்திரம் என்று சொல்லித் தப்பிக்க விடுவதா?

கூடாது. இதில் வழக்கறிஞர் சங்கங்கள் எப்போதும் நேர்மையாக இருந்ததில்லை. ஒரே கோர்ட்டில் தினமும் முகம் பார்க்க வேண்டியவர்கள், பல நேரம் கண்டும் காணாமல் போகிறார்கள். அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் இரண்டு நீதிபதிகள், தனியார் சிறார் காப்பகங்களோடு தொடர்புடையவர்களிடம் 28 லட்சம் டாலருக்கு மேல் வாங்கினார்கள். சின்னச் சின்னத் தப்புக்குப் பிள்ளைகளை உள்ளே அனுப்பிக்கொண்டிருந்தார் அவர்களில் ஒருவர், பெரும்பாலும் வழக்கறிஞரே இல்லாமல். வருடக்கணக்கில் அந்த அறையில் அரசு வழக்கறிஞர்கள் இருந்தார்கள், அலுவலர்கள் இருந்தார்கள். கடைசியில் ஒரு தாயின் அழைப்பை எடுத்துக்கொண்டு போராடியது சிறார் சட்ட மையம் ஒன்றின் வழக்கறிஞர்கள். 2009-ல் மாநில உச்ச நீதிமன்றம் ஆயிரக்கணக்கான பிள்ளைகளின் தண்டனைகளை ரத்து செய்தது.

2002-ல் வந்த பெங்களூரு நீதிபதிகள் நடத்தைக் கோட்பாடுகளில் சுதந்திரத்துக்குப் பக்கத்திலேயே நேர்மை, நடுநிலை, கண்ணியம், சமத்துவம், திறமை எல்லாம் இருக்கின்றன. நீதிபதியை விசாரிக்கலாம். விசாரிப்பவர் அரசாங்கத்தின் ஆளாக இருக்கக் கூடாது, எழுதிய தீர்ப்புக்காக விசாரிக்கக் கூடாது. தீர்ப்பு தப்பு என்றால் மேல்முறையீடு இருக்கிறது.

அரசு வழக்கறிஞர்களும் இந்தக் கணக்கில் வருவார்களா?

வருவார்கள். அவர்களுக்கும் 1990-ல் தனி வழிகாட்டு நெறிகள் வந்தன. சித்திரவதையால் கிடைத்த சாட்சியம் என்று தெரிந்தால் அதைப் பயன்படுத்த மறுக்க வேண்டும் என்பது அதில் ஒன்று. மறுத்தவரின் பதவி உயர்வு என்ன ஆகும் என்று நெறிகளில் எழுதவில்லை.

இதற்கெல்லாம் பணம் எங்கிருந்து வருகிறது?

கட்டணம் வாங்கும் மற்ற வழக்குகள், சங்க நிதி, அறக்கட்டளைகள், நன்கொடை. வெளிநாட்டு நிதிக்குக் கடிவாளம் போடும் சட்டங்கள் பல நாடுகளில் வந்துவிட்டன. நோக்கம் பல இடங்களில் வாயை அடைப்பதுதான். அதற்காகக் கேள்வியே கூடாது என்பதல்ல. மேலே சொன்ன சட்ட வல்லுநர்கள் ஆணையத்துக்கே ஆரம்ப காலத்தில் அமெரிக்க உளவுத்துறையின் பணம் மறைமுகமாக வந்தது 1967-ல் வெளியானது. யார் பணம் கொடுக்கிறார்கள் என்று அமைப்பே தன் பக்கத்தில் போட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

நான் வக்கீல் இல்லை. ஏதாவது செய்ய முடியுமா?

விசாரணைகள் பொதுவாகத் திறந்த நீதிமன்றத்தில் நடப்பவை. போய் உட்காரலாம். ஃபோனை அணைத்து வையுங்கள், பின் வரிசையில் இருங்கள், தேதி, வழக்கு எண், நடந்தது என்ன என்று குறித்துக்கொள்ளுங்கள். பேனாவுக்குப் பெரும்பாலும் தடை இருக்காது. படம் எடுத்தால் சிக்கல் வரும். மிரட்டப்படும் வழக்கறிஞருக்கு, கோர்ட் அறையில் தெரிந்த முகம் நான்கு இருப்பதே பெரிய தெம்பு. மூடிய விசாரணை என்று வாசலில் நிறுத்தினால் வாக்குவாதம் வேண்டாம். எந்த உத்தரவுப்படி என்று பணிவாகக் கேட்டு, சொன்ன பதிலையும் நேரத்தையும் எழுதி வாதாடும் வழக்கறிஞரிடம் கொடுங்கள். மேல்முறையீட்டில் அவருக்கு அது உதவும்.